விரல் நுனியில் ஒரு சொட்டு

அத்தியாயம் 17

ரோபோ கைக்கு மூன்று விரலும் மாட்டியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிளாரா கடைசி ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு, "முடிஞ்சதும்மா" என்றபோது, அவளைவிட ரோசம்மாளுக்குத்தான் முதலில் மூச்சு வந்தது.

அதற்கு முந்தைய பத்து நாளும் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. கோயம்புத்தூர் கம்பெனி மகளிடம் கொடுத்தனுப்பிய சிலிக்கான் விரல்கள் தொட்டால் மெத்தென்று இருந்தன. திராட்சைக் காம்பின் காய்ந்த முனை ஒரு தடவை கீறியதும் காகிதம் மாதிரி கிழிந்தன. ஒன்பது விரல் போனது. கடைசியில் அவள் புருஷன் அருளப்பன்தான், "பொம்மைக்கெல்லாம் என் ரப்பர் பிரஸ்ஸு ஓடாது" என்று எட்டு மாதமாக மகளை முறைத்துக்கொண்டிருந்த அதே அருளப்பன்தான், பழனிசெட்டிபட்டி லேத்தில் விரல் அச்சுக்கு டை வெட்டி வாங்கி வந்து, மரத்துப் பால் ரப்பரில் ஐந்து விரல் அடித்துக் கொடுத்தார். இரண்டில் காற்றுக் குமிழ் விழுந்துவிட்டது. மிச்சம் மூன்று. ரோபோ கைக்கு வேண்டியதும் மூன்று. உபரி ஒன்றுகூட இல்லை.

புதன்கிழமை காலை பத்தரைக்குப் பரீட்சை.

உத்தமபாளையத்திலிருந்து கோம்பை போகும் ரோட்டில் இருக்கிறது ஷானவாஸின் பேக்கிங் ஷெட். கம்பத்துக்காரர். பன்னீர் திராட்சையைக் கோட்டயத்துக்கு அனுப்புகிறவர். அந்தக் கை அவர் கண் முன்னால் இருபது பெட்டி அடுக்க வேண்டும். இருபது பெட்டியில் மூன்று கொத்துக்கு மேல் கெடக் கூடாது. தேறினால் வரும் பருவத்துக்கு அவர் ஷெட்டிலேயே நிற்கும். கிளாராவும் கோயம்புத்தூரில் இருப்பாள். தேறாவிட்டால் கம்பெனி இந்த வேலையையே மூடிவிட்டு, அவளைப் பூனாவில் கார் கதவு செய்யும் இடத்துக்கு அனுப்பிவிடும்.

கோயம்புத்தூர் ரோசம்மாளுக்குத் தெரியும். காலையில் பஸ் ஏறினால் மத்தியானம் மகள் முகம் பார்க்கலாம். பூனா எந்தப் பக்கம் என்றே தெரியாது.

அதனால்தான் அவள் அதைச் செய்தாள்.

*

ஷெட்டின் சாவி ரோசம்மாளிடம் இருக்கும். பதினெட்டுப் பெண்கள் வேலை செய்கிற இடத்துக்கு அவள்தான் மேஸ்திரி. புதன்கிழமை காலை ஆறரைக்கு வந்து ஷட்டரைத் தூக்கியபோது உள்ளே அந்தக் கை கீழே பார்த்தபடி நின்றது. முந்தின நாள் மாட்டிய கறுப்பு விரல்கள் மூன்றும் நீட்டிக்கொண்டிருந்தன.

பருவத்தின் முதல் வெட்டு அன்று அந்த ஷெட்டில் ஒரு பழக்கம் உண்டு. தெருமுனையில் அந்தோணியார் சிலை நிற்கும் கெபியின் விளக்கிலிருந்து ஒரு சின்னக் குப்பியில் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து, ஒவ்வொரு கத்தரிக்கோலின் முனையிலும் ஒரு சொட்டு வைப்பார்கள். கத்தரி துரு ஏறாது, பழப் பிசின் ஒட்டாது, விரலைக் கிழிக்காது. ஒரே செபத்தில் மூன்று காரியம். வேதக்காரர்கள் மட்டுமல்ல, பதினெட்டில் ஒருத்தியான ஜோதிலட்சுமிகூடத் தன் கத்தரியை முதல் ஆளாக நீட்டுவாள். "அந்தோணியாரு எங்க பேச்சியம்மாளுக்கு அண்ணன் முறையாக்கும்" என்பாள்.

ரோசம்மாள் பதினெட்டுக் கத்தரிக்கும், தன் கத்தரிக்கும் வைத்தாள். குப்பியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அந்தக் கையைப் பார்த்தாள். இதுவும் இன்றைக்குத்தான் முதல் முதலாக வேலைக்கு இறங்குகிறது. நம் பிள்ளை செய்தது, நம் வீட்டு ரப்பர். இதற்கு மட்டும் வைக்காமல் விடுவதா?

மூன்று விரல் நுனியிலும் கட்டைவிரலால் சிலுவை போட்டாள். "எம்பிள்ளையத் தூரமா அனுப்பிறாத சாமி" என்றாள். குப்பியில் இன்னும் இரண்டு சொட்டு இருக்கவே, விரல்கள் மடங்குகிற இடத்திலும் தடவிவிட்டாள். வாசல் பெருக்க வந்த ஜோதிலட்சுமி அதைக் கவனிக்கவில்லை. அவள் அந்தக் கையைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டே, "ஏ ஒத்தக்கையா, காலைத் தூக்கு" என்று அதை வைதுகொண்டிருந்தாள்.

*

பத்தரைக்கு ஷானவாஸ் வந்துவிட்டார். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. கம்பெனியிலிருந்து கிளாராவோடு வந்திருந்த அஜய்குமார் லேப்டாப் முன்னால் குனிந்திருந்தான். பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சுவரோரம் நின்றார்கள்.

"ஷானவாஸண்ணே, ஒரு தடவை சொல்லிர்றேன்" என்றாள் கிளாரா. "விரலுக்குள்ள காத்து போனா மடங்கும். காத்து எறங்குனா நிமிரும். ஒரு பக்கம் மெல்லிசு, மறு பக்கம் தடிசு. மெல்லிசுப் பக்கம் நீளும், அதனால விரல் எதிர்ப்பக்கமா வளையும். இரும்புல இத செஞ்சா பழம் சாறாயிரும்."

"எனக்கு வெளக்கம் வேணாம் தங்கச்சி. பெட்டி வேணும்."

கம்ப்ரசர் உறுமியது. கை இறங்கியது. முதல் கொத்தை மூன்று விரலும் சுற்றிப் பிடித்தன. தூக்கின. பெட்டிக்குப் பாதி வழியில் கொத்து மெல்ல நழுவி, பெல்ட்டில் விழுந்து, பத்துப் பன்னிரண்டு பழம் தரையில் உருண்டது.

"மொதல்ல அப்படித்தான்" என்றார் ஷானவாஸ். நல்ல மனுஷன்.

இரண்டாவது கொத்து பெட்டிக்குள் போனது. அவர் குனிந்து பார்த்தார். பன்னீர் திராட்சையின் மேல் மெலிசாக ஒரு வெண்மாவு படிந்திருக்கும். அது இருந்தால்தான் கை படாத பழம், புதுப் பழம். அந்தக் கொத்தில் மூன்று இடத்தில் மாவு வழிக்கப்பட்டு, பழம் கண்ணாடி மாதிரி மினுங்கியது.

"இதென்னத்தா?"

கிளாரா கையை நிறுத்தினாள். ஒரு விரல் நுனியைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். பிறகு மூக்கருகே கொண்டுபோனாள்.

தேங்காய் எண்ணெய். அதோடு லேசாகக் கருகின திரி வாசனை.

அந்த வாசனை அவளுக்குத் தெரியாததா? பள்ளிக்கூடக் காலத்தில் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நெற்றியில் வந்து உட்கார்ந்த வாசனை. அவள் நிமிர்ந்தாள். யாரையும் பார்க்கவில்லை.

"ரப்பர்ல எண்ணெ பட்டிருக்குண்ணே" என்றாள்.

"எண்ணெயா? அது எப்படி அங்கன வந்துச்சு?"

அவள் அடுத்த விரல் நுனியை அழுத்திப் பார்த்தாள். ஷானவாஸ் சுவரோரம் திரும்பினார். அவர் குரல் அப்போதுதான் மாறியது.

"யாரு பாத்த வேலை இது?"

அவர் பார்வை ஒவ்வொரு முகமாகப் போய் ஜோதிலட்சுமியிடம் நின்றது.

"நேத்து ஒரு ஆளு சொன்னது என் காதுல விழுந்துச்சு. 'இந்த ஒத்தக்கையனுக்கு ஒரு நாளைக்கு நான் வைக்கிறேன் பாரு வைத்தியம்'னு. ஜோதி, சொன்னியா இல்லையா?"

ஜோதிலட்சுமி முந்தானையை இழுத்துச் செருகினாள். "சொன்னேன் மொதலாளி. வாய்க்கு வந்தது சொல்றதுதான். அதுக்காக..."

"காலையில அந்தக் கைகிட்ட நின்னது யாரு?"

"பெருக்குனேன். என் முறை இன்னைக்கு."

"பெருக்குனியோ தடவுனியோ. எம்மேல கோவம்னா என்கிட்ட சொல்லணும். ஒரு பொம்பளப் புள்ள எட்டு மாசமா பாடுபட்டத ஒரு சொட்டுல கெடுத்துட்டு நிக்கிறீங்க. நாளையிலருந்து நீ வர வேணாம்."

ஜோதிலட்சுமி அழுகிற ஆள் இல்லை. கத்தரிக்கோலைச் சேலை இடுப்பிலிருந்து எடுத்து மேஜையில் வைக்கப் போனாள்.

ரோசம்மாளுக்கு அந்த ஒரு நிமிஷத்தில்தான் எல்லாம் விளங்கியது. எண்ணெய்தான் கெடுத்திருக்கிறது. தான்தான் கெடுத்திருக்கிறோம். சொன்னால், பதினெட்டுப் பேர் வேலை போகக் கூடாதென்று மகளையே கவிழ்த்தவள் என்று ஊரே பேசும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. குப்பி காலி, கழுவியாகிவிட்டது.

"ஜோதி, கத்தரியை எடு" என்றாள். "நாந்தான் வச்சேன்."

கம்ப்ரசர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அஜய்குமார் அதையும் அணைத்தான்.

"ஏம்மா?" என்றாள் கிளாரா. ஒரே வார்த்தை.

"கத்தரிக்கெல்லாம் வச்சேன் ஆத்தா. மொத வெட்டுல்ல. அதுக்கும் மொத நாளுதான. விட மனசு வரல. நுனியில ஒண்ணு, மடங்குற எடத்துல ஒண்ணு. நல்லா மடங்கட்டும்னுதான்."

முதலில் சிரித்தது ஜோதிலட்சுமிதான். இப்போதுதான் அவள் கண்ணில் தண்ணீரும் வந்தது. "அடி ஆத்தீ! எந்திரத்துக்கு எண்ண வச்சுத் தல சீவி விட்டியாக்கும்? பூ வைக்க மறந்துட்டியாக்கா?"

சுவரோரம் முழுவதும் குலுங்கியது. ஷானவாஸ்கூட மீசையைத் தடவுகிற சாக்கில் வாயை மறைத்துக்கொண்டார். கிளாரா மட்டும் சிரிக்கவில்லை. விரல்களைக் கழற்றத் தொடங்கினாள். ஒவ்வொரு ஸ்க்ரூவும் தட்டில் விழுகிற சத்தம் தனித்தனியாகக் கேட்டது.

*

அருளப்பன் வந்தபோது மணி பதினொன்று. மகளின் பரீட்சைக்கு வரமாட்டேன் என்று சொல்லியிருந்தார். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டாருக்கு வாசர் கொடுக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு டி.வி.எஸ்.ஸை நிறுத்தினார். அவர் கையில் வாசர் எதுவும் இல்லை.

நடந்ததைக் கேட்டார். விரலை வாங்கி நுனியை நசுக்கினார். அவருக்கு இடது கையில் சுண்டுவிரல் கிடையாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் பிரஸ் எடுத்துக்கொண்டது.

"தொடச்சுட்டுப் போடலாமாப்பா?" என்றாள் கிளாரா.

"ஆகாது. பால் ரப்பர் எண்ணெயக் குடிக்கும். நம்ம பட்டறை ஆளு ஒச்சாண்டி ஞாயித்துக்கிழமை குடிக்கிற மாதிரி. நிறுத்தத் தெரியாது. இந்தா, நுனி உப்பிருச்சு பாரு. சாயங்காலம் கொழகொழன்னு ஆயிரும்." மனைவி பக்கம் திரும்பினார். "கேரளாவுல முண்டக்கயத்துல பதினாலு வருசம் ரப்பர் பால் வெட்டுனேன். இங்கன வந்து பதிமூணு வருசமா பிரஸ் ஓட்டுறேன். ரப்பருக்கும் எண்ணெய்க்கும் ஆகாதுங்கிறது எம் பொண்டாட்டிக்குத் தெரியல."

"நீங்க சொன்னாத்தான தெரியும்? பட்டறைக்குள்ள என்னைய என்னைக்கு விட்டீக?"

அவர் ஷானவாஸைப் பார்த்தார். "பாய், லாரி எத்தனை மணிக்கு?"

"நாலு. ஆனா நான் மூணு மணிக்கு அப்புறம் காத்திருக்க மாட்டேண்ணே. உங்களுக்காக மூணு."

"டையில ஒரு நேரத்துக்கு ஒரு விரல்தான் வரும். ஒரு விரலுக்கு இருபது நிமிசம் வேகணும். சூடேற முக்கா மணி நேரம். வந்துரும்." பிறகுதான் நினைவு வந்து நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஒச்சாண்டி இல்லையே. மயிலாடும்பாறைக்குக் கெடா வெட்டுக்குப் போயிட்டான். பிரஸ்ஸுக்கு ரெண்டு ஆளு வேணும்."

"நான் வாரேன்" என்றாள் கிளாரா.

"நீ இங்கன இரு. விரல் வந்ததும் மாட்டுறதுக்கு எல்லாத்தையும் கழுவித் தொடச்சு வை. வழியில எங்கயும் எண்ணெ இருக்கக் கூடாது."

ரோசம்மாள் ஏற்கெனவே டி.வி.எஸ்.ஸின் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

*

வீட்டின் பின்பக்கம் தகரம் போட்ட அறைதான் பட்டறை. மோட்டார் புஷ், பம்பு வாசர், டிராக்டருக்குப் பெடல் ரப்பர், எல்லாம் அங்கேதான் பிறக்கும். அவருக்கு விரல் போன நாளிலிருந்து அந்த வாசற்படியை மனைவியும் மகளும் தாண்டக் கூடாது என்று சட்டம். சாப்பாட்டுத் தூக்கைக்கூட வெளியே ஆணியில்தான் மாட்ட வேண்டும்.

"கைய உள்ள விட்றாத. நான் சொல்லும்போது மட்டும் சக்கரத்தைச் சுத்து."

"இருபத்தெட்டு வருசமா நீங்க சொல்லும்போது மட்டுந்தான் எல்லாம்."

அவர் ரப்பர் ஷீட்டைப் பட்டையாக வெட்டி டைக்குள் திணித்தார். நடுக்கம்பியைச் செருகினார். அந்தக் கம்பி இருந்த இடம்தான் பிறகு விரலுக்குள் காற்றுப் போகிற வழி. டையைத் தட்டில் தள்ளியதும் ரோசம்மாள் மேல்சக்கரத்தைச் சுற்றினாள். இரும்பு இரும்பின்மேல் இறங்கியது. ஓரத்தில் கறுப்பாகக் கசிந்தது. கந்தக வாடை மூக்கில் ஏறியது.

இருபது நிமிஷம் சும்மா நிற்க வேண்டும். அவள் சும்மா நிற்கிறவள் இல்லை. அலமாரியை நோட்டம் விட்டாள். வாசர் டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின். திறந்தாள்.

உள்ளே விரல்கள். கோணலும் மாணலுமாக, மரக்குச்சியை ரப்பர் பாலில் முக்கி முக்கி எடுத்தவை. சில சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டியவை. முப்பது நாற்பது இருக்கும்.

"இதெல்லாம் எப்பச் செஞ்சீக?"

அவர் திரும்பிப் பார்த்தார். திருடன் மாதிரி விழித்தார். "தை மாசத்துலருந்து."

"தை மாசம் பாப்பா போன் பண்ணா 'நான் இல்லைன்னு சொல்லு'ன்னு சொன்னீக. பொம்மை வேலைன்னீக."

"பேசணும்னா கையில ஏதாவது இருக்கணும்ல. சும்மா போயி என்னத்தப் பேசுறது?" அவர் பிரஸ்ஸின் மீட்டரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். "சிலிக்கான் கிழியும்னு எனக்குத் தெரியும். அதுக்கு வலு கெடையாது. நான் சொன்னா கேப்பாளா? படிச்ச புள்ள. தானாத் தெரிஞ்சுக்கிட்டு வரட்டும்னு இருந்தேன்."

"ஒம்போது விரலு கிழிஞ்சப்புறம்தான் வந்தா."

"எனக்கும் ஒம்போதுதான இருக்கு" என்றார் அருளப்பன்.

ரோசம்மாள் சிரித்தாள். அந்த அறைக்குள் அவள் சிரிப்பது அதுதான் முதல் தடவை.

சக்கரத்தை எதிர்ப்பக்கம் சுற்றினாள். ஆவி பறக்க டை திறந்தது. சோப்புத் தண்ணீரைத் தொட்டு, சைக்கிள் பம்பால் ஓரத்தில் காற்றடித்து, அவர் விரலைக் கம்பியிலிருந்து உருவினார். பாம்புச் சட்டை கழல்வது மாதிரி வந்தது. சுற்றிலும் மெல்லிய பிசிறு.

"பிசிறு வெட்டணும். ஒச்சாண்டி பிளேடுல எடுப்பான். எனக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியறதில்ல."

ரோசம்மாள் இடுப்பிலிருந்து திராட்சைக் கத்தரியை எடுத்தாள். ஒரு கொத்தில் பக்கத்துப் பழம் நோகாமல் அழுகின பழத்தை மட்டும் எடுக்கிற கத்தரி. ரப்பரின் அருகே கொண்டு போனவள் அப்படியே நின்றாள்.

அவரும் அதே நேரம் கத்தினார். "அடியே, அதுல எண்ணெ!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் ஓடிப்போய்க் கத்தரியைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவி, சாம்பலால் தேய்த்து, மறுபடி கழுவிக் கொண்டுவந்தாள். அந்தோணியார் மன்னிப்பார். ரப்பர் மன்னிக்காது.

அவள் வெட்டிய விரலில் பிசிறு இருந்த தடமே தெரியவில்லை. வாளித் தண்ணீரில் முக்கிக் காற்றடித்துப் பார்த்தார்கள், பஞ்சர் கடையில் பார்ப்பதுபோல. குமிழ் வரவில்லை. இரண்டாவதும் தேறியது. மூன்றாவதில் ஒரு குமிழ் வந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று அடித்தார்கள். மணி இரண்டே கால்.

"மதியம் நீங்க சாப்பிடல" என்றாள் வண்டியில் ஏறும்போது.

"நீயும்தான்" என்றார்.

*

மூன்று மணிக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது விரல்கள் ஏறின.

கை இறங்கியது. முதல் கொத்து பெட்டிக்குள் உட்கார்ந்தது. ஷானவாஸ் குனிந்தார். மாவு கலையவில்லை. நிமிர்ந்து, அடுத்தது என்று சைகை காட்டினார்.

நாலாவது பெட்டியில் ஒரு கொத்து கெட்டது. பத்தாவதில் இன்னொன்று. பதினாறாவதில் மூன்றாவது. இனி ஒன்றுகூடக் கூடாது.

அருளப்பன் கைகளைக் கட்டிக்கொண்டு ரோபோவின் அடிப்பாகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிர்வு தாங்குவதற்கு அங்கே நாலு ரப்பர் புஷ் இருந்தன. காற்றுக் குழாய் சேருகிற இடத்தில் ஒரு வளையம். அவையும் விரல்களோடு சேர்த்து அவர் பட்டறையில் பிறந்தவைதான். "ரப்பர எடுத்துட்டா இந்த இரும்பு நொண்டி" என்று அஜய்குமாரின் காதில் சொன்னார். அவன் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையாட்டினான்.

பத்தொன்பதாவது பெட்டி. பெல்ட்டில் வந்த கொத்து நேராக இல்லை. இரண்டு கிளை பிரிந்து ஒரு பக்கம் தொங்கியது. விரல்கள் பிடித்தன. தூக்கும்போது ஒரு விரல் நழுவியது. கொத்து சாய்ந்து இரண்டு விரலில் தொங்கியது.

"பிடி! பிடி! விட்றாதடா!" என்று கத்தினது யார் என்று பார்த்தால், ஜோதிலட்சுமி.

நழுவிய விரல் மறுபடி மடங்கி, கொத்தின் அடியில் போய்த் தாங்கிக்கொண்டது. பெட்டிக்குள் இறக்கியது. ஒரு பழம் உதிரவில்லை.

இருபது முடிந்தது. ஷானவாஸ் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துவிட்டு, "தேறிருச்சு தங்கச்சி" என்றார்.

பெண்கள் கைதட்டினார்கள். நன்றாகத்தான் தட்டினார்கள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். எதற்குத் தட்டுகிறோம் என்று அவர்களுக்கு மெல்ல உறைத்தது. நாற்பது நிமிஷத்தில் அந்தக் கை இருபது பெட்டி அடுக்கியிருந்தது. அது டீ குடிக்கப் போகவில்லை. யாரோடும் பேசவில்லை.

ஷானவாஸ், ஜோதிலட்சுமியிடம் போய் நின்றார். "காலையில சொன்னத மனசுல வச்சுக்காத ஜோதி."

"வைக்கல மொதலாளி. நீங்க வாங்கிக் குடுக்குற டீயில சீனி மட்டும் கொஞ்சம் கூடப் போடச் சொல்லுங்க" என்றாள்.

லாரி கிளம்பியபின் அவர் ரோசம்மாளைத் தனியாகக் கூப்பிட்டார். இரண்டு நிமிஷம் பேசினார். மடித்த ஒரு காகிதத்தைக் கொடுத்தார். அவள் அதை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு வந்தாள்.

*

வீடு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வாசலில் நாய் காலை நக்கியது. அருளப்பன் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்து அப்படியே குறட்டை விட்டார்.

கிளாரா குளித்துவிட்டு வந்தாள். கையில் எண்ணெய்ச் சீசா. அம்மாவின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து முதுகைக் காட்டினாள்.

"எண்ணெ வைக்கணும்னு ஆசையா இருந்தா இங்கன வையி. இது உப்பாது."

ரோசம்மாள் உள்ளங்கையில் ஊற்றினாள். உச்சியில் வைத்துத் தேய்த்தாள். எட்டு மாதமாக எண்ணெய் காணாத தலை. விரல்கள் தானாக வேரைத் தேடிப் போயின.

"கோவமா பாப்பா?"

"இருந்துச்சு. ஷெட்டுல வச்சே வாசனை தெரிஞ்சுருச்சு. திரி வாசனை. நீதான்னு தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல? ஜோதியப் போட்டு அந்தத் திட்டுத் திட்டுனாக."

"வாய் வரைக்கும் வந்துச்சு. நீ சொல்லுவியான்னு பாத்தேன்."

ரோசம்மாளின் கை ஒரு நொடி தயங்கித் தொடர்ந்தது. "சொல்லாம இருந்திருந்தா?"

"நானே சொல்லிருப்பேன். ஜோதி அத்தைய விட்ற முடியாது. பொறவு பூனாவுக்கே போயிருப்பேன்" என்றாள் கிளாரா. விளையாட்டாகச் சொன்ன மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. "நம்ம வீட்ல யாரும் எதையும் சொல்றதில்லம்மா. அப்பா எட்டு மாசமா டின்னுக்குள்ள விரல் செஞ்சு வச்சிருக்காக. வண்டியில நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

தெருவில் யாரோ ஆட்டை விரட்டிக்கொண்டு போனார்கள். ரோசம்மாளின் விரல்கள் மகளின் பிடரியில் நின்றுவிட்டன.

"என்னம்மா, கை நின்னுருச்சு?"

ரோசம்மாள் ரவிக்கைக்குள்ளிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தாள். எண்ணெய்க் கை. எடுத்த இடத்தில் காகிதம் ஊறியது. மகளின் தோளுக்கு மேலாக நீட்டினாள்.

"ஷானவாஸ் குடுத்தாக. அடுத்த பருவத்துக்கு ரெண்டு கையா வாங்குறாகளாம். பன்னெண்டு பேரு போதுமாம். யார் யார நிறுத்துறதுன்னு மேஸ்திரியே எழுதித் தரணுமாம். வெளியாளு எழுதுனா மனசு கஷ்டப்படும்னு சொல்றாக."

கிளாரா காகிதத்தை விரித்தாள். ஒன்றிலிருந்து ஆறு வரை நம்பர் மட்டும் போட்டிருந்தது. எதிரே ஒரு பெயரும் இல்லை. முதல் நம்பருக்கு நேரே அம்மாவின் கட்டைவிரல் ரேகை எண்ணெயில் பதிந்து, காகிதம் கண்ணாடி மாதிரி மினுங்கியது.

அவள் காகிதத்தைப் பழையபடி மடித்தாள்.

"எப்பக் குடுக்கணும்?"

"ஞாயித்துக்கிழமை. பூசை முடிஞ்சு வரும்போது." ரோசம்மாள் சீசாவை மறுபடி சாய்த்தாள். "இன்னும் பாதித் தல இருக்கு. திரும்பு."